கம்பியில் தொலையும் வோல்ட்: எரிபொருள் பம்பின் ஒயரிங்கும் என்ஜின் டியூனிங்கும்

டர்போ என்ஜின் ஒன்று நிமிடத்துக்கு 5,500 சுழற்சியைத் தாண்டியதும் கலவை லீன் ஆகிறது, அதாவது காற்றுக்கேற்ற பெட்ரோல் இல்லை. இன்ஜெக்டர் போதுமான அளவுதான், பம்ப் புதிது, ஃபில்டரையும் மாற்றியாயிற்று. அப்படியும் மேல் சுழற்சியில் பெட்ரோல் போதவில்லை. இந்த இடத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே கேள்வி எழுந்துகொண்டிருக்கிறது. டேங்குக்குள் இருக்கும் பம்புக்குப் போகும் ஒயரும், அதிலிருந்து திரும்பும் எர்த்தும் டியூனிங்கை உண்மையிலேயே மாற்றுமா? மாற்றும் என்றால் எப்போது, எவ்வளவு?

இதற்கு ஒன்றுக்கொன்று நேர் எதிரான பதில்கள் புழக்கத்தில் உள்ளன. ரெகுலேட்டர் இருக்கும்வரை ஒயரைப் பற்றிக் கவலை வேண்டாம் என்பது ஒன்று. தொழிற்சாலை ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தடிமனான ஒயர் இழுப்பதுதான் முதல் வேலை என்பது இன்னொன்று. சில கார்களில் தயாரிப்பாளரே வேண்டுமென்று வோல்ட்டேஜைக் குறைத்திருக்கிறார், அதில் கை வைக்காதே என்பது மூன்றாவது. கோளாறு எர்த்தில் இருக்கிறது என்போரும் உண்டு. எல்லாவற்றிலும் ஓரளவு உண்மை இருப்பதால்தான் விவாதம் முடியாமல் நீள்கிறது.

கார்புரேட்டர் இருந்தவரை

கார்புரேட்டர் வண்டியில் இந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை. கேம் ஷாஃப்ட் அசைக்கும் டயஃப்ரம் பம்ப், மிகக் குறைந்த அழுத்தத்தில் பெட்ரோலை மிதவைக் கிண்ணத்துக்கு ஏற்றும். கிண்ணம் நிரம்பினால் ஊசி வால்வு மூடிக்கொள்ளும். ஜெட் வழியாக எவ்வளவு பெட்ரோல் போகிறது என்பதைக் கிண்ணத்தின் மட்டமும் காற்றின் உறிஞ்சலும் தீர்மானித்தன. பம்ப் சற்றுத் தளர்ந்தாலும் கிண்ணம் அதைப் பெரும்பாலும் மறைத்துவிடும்.

1967-இல் அமெரிக்கச் சந்தைக்கான ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் போஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் வந்தபோது நிலைமை மாறியது. மின் பம்ப் ஏறத்தாழ 2 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ள, இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்டு திறந்திருக்கிறது என்பதை வைத்தே அளவு கணிக்கப்பட்டது. அழுத்தம் மாறாமல் இருந்தால்தான் அந்தக் கணக்குச் செல்லும். கிண்ணம் போனதும் அழுத்தம் அளவுகோலின் ஒரு பகுதியானது. அழுத்தத்தைத் தருவது மின் மோட்டார், மோட்டாரின் வேகத்தைத் தருவது அதன் முனைகளில் கிடைக்கும் வோல்ட்டேஜ். இந்தச் சங்கிலி வழியாகத்தான் ஒயர் எரிபொருள் மேப்புக்குள், அதாவது எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும் அட்டவணைக்குள், நுழைந்தது.

ரெகுலேட்டர் பார்த்துக்கொள்ளும் என்ற வாதம்

பொறியியல் பாடநூல் சார்ந்த பதில் இது. திரும்பு குழாய் உள்ள அமைப்பில், பம்ப் எப்போதும் தேவைக்கு மேல் தள்ளும். உபரியை ரெகுலேட்டர் டேங்குக்கே திருப்பி அனுப்பி, இன்ஜெக்டரின் இரு பக்கத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டை ஏறத்தாழ 3 பாரில் நிறுத்தும். பம்புக்கு 14 வோல்ட் கிடைத்தாலும் 12 வோல்ட் கிடைத்தாலும், உபரி இருக்கும்வரை இன்ஜெக்டருக்கு வித்தியாசம் தெரியாது.

கணக்கும் இதற்கு ஆதரவாகவே நிற்கிறது. 300 குதிரைத்திறன் தரும் டர்போ பெட்ரோல் என்ஜின் முழுச் சுமையில் மணிக்குச் சுமார் 110 லிட்டர் குடிக்கும். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 255 லிட்டர் பம்பில் பாதிக்கு மேல் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறது. அப்படியிருக்க ஒரு வோல்ட் குறைந்தால் என்ன என்று கேட்பது நியாயம்தான்.

இந்த வாதம் சறுக்குவது 255 என்ற எண்ணில். அது பொதுவாக 13.5 வோல்ட் அளவிலும், 40 பிஎஸ்ஐ அல்லது 3 பார் போன்ற மிதமான அழுத்தத்திலும் அளந்த எண். டர்போவில் பூஸ்ட் 1.5 பார் ஏறினால் ரெகுலேட்டர் எரிபொருள் அழுத்தத்தையும் அதே அளவு ஏற்றும். பம்ப் 4.5 பாருக்கு எதிராகத் தள்ள வேண்டியிருக்கிறது. அழுத்தம் கூடும்போது பம்புக்குள் கசிந்து பின்னேறும் பெட்ரோலும் கூடுவதால் வெளியே போகும் அளவு சுருங்கும். மோட்டார் இழுக்கும் கரண்டோ அழுத்தத்தோடு சேர்ந்து ஏறும். கரண்ட் ஏறினால் ஒயரில் தொலையும் வோல்ட்டும் ஏறும். என்ஜினுக்கு அதிகப் பெட்ரோல் வேண்டிய அதே நொடியில் மூன்று இழப்புகளும் ஒன்றாக வந்து சேர்கின்றன. அதனால் 10 சதவீத வோல்ட்டேஜ் இழப்பு, உயர் அழுத்தத்தில் 10 சதவீதத்தை விடப் பெரிய ஓட்ட இழப்பாகவே முடிகிறது.

உபரி தீர்ந்த பிறகு நடப்பது படிப்படியான சரிவாக இருப்பதில்லை. ரெகுலேட்டர் முழுவதும் மூடிக்கொள்ள, அழுத்தம் பம்பின் தயவில் விழுகிறது. இன்ஜெக்டர் வழியான ஓட்டம் அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவது. அழுத்தம் 20 சதவீதம் விழுந்தால் பெட்ரோல் ஏறத்தாழ 10.5 சதவீதம் குறையும். 11.5 என்று வைத்த காற்று-எரிபொருள் விகிதம் 12.9-ஐத் தொடும். முழு பூஸ்டில் அது நாக்கிங் தொடங்கக்கூடிய இடம். பிஸ்டனின் முகடு உருகி ஓட்டையான என்ஜின்களைத் திறந்து பார்ப்பவர்கள் இந்த எண்ணைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒயரை மாற்று என்ற பள்ளி

மாற்று ஒயரிங்கை ஒரு வழிமுறையாகவே ஆக்கியவர்களில் முன்வரிசையில் நிற்பவர்கள் அமெரிக்காவின் டிஎஸ்எம் கார் ஆர்வலர்கள். கிரைஸ்லரும் மிட்சுபிஷியும் கூட்டாக இல்லினாய் மாநிலத்தின் நார்மல் நகரில் நடத்திய டயமண்ட்-ஸ்டார் தொழிற்சாலையில் உருவான எக்லிப்ஸ், டேலன், லேசர் கார்கள் அவை. அவற்றின் 4ஜி63 டர்போ என்ஜின் தொழிற்சாலை எண்ணைவிட வெகு அதிகமாகத் தாங்கியது. தாங்காதது பம்பும் அதற்குப் போன மெல்லிய ஒயரும். பேட்டரியிலிருந்தோ ஆல்டர்நேட்டரிலிருந்தோ தடிமனான ஒயரை நேரே பின்னால் இழுத்து, தொழிற்சாலை ஒயரை ரிலேயை இயக்கும் சிக்னலாக மட்டும் வைத்துக்கொள்வது அவர்கள் பரப்பிய முறை. பிற்பாடு பல கார்களுக்கும் அது பொதுச் சூத்திரமானது.

சூத்திரத்தின் பின்னால் உள்ள இயற்பியலில் குறை சொல்ல முடியாது. 1.25 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயருக்கு மீட்டருக்குச் சுமார் 14 மில்லி ஓம் தடை. ஐந்து மீட்டருக்கு 70. ஃபியூஸ், ரிலே முனை, கனெக்டர்களுக்கு 40, எர்த்துக்கு 50 என்று கணக்குக்காக வைத்தால் மொத்தம் 160 மில்லி ஓம். 7 ஆம்பியர் இழுக்கும் சின்னப் பம்பில் 1.1 வோல்ட் தொலையும். 14 ஆம்பியர் இழுக்கும் பெரிய பம்பைப் பொருத்தினால் 2.2 வோல்ட். ஆல்டர்நேட்டரில் 14 இருந்தும் பம்பைச் சேர்வது 11.8. பெரிய பம்ப் வாங்கிய காசில் ஒரு பங்கு ஒயரைச் சூடாக்கப் போகிறது. 5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அந்த ஐந்து மீட்டரின் பங்கு 18 மில்லி ஓமுக்கும் கீழே இறங்கிவிடும்.

ஆனால் இந்தப் பள்ளிக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. முதலாவது, கண்ணுக்குத் தெரியும் நீளத்தை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்ததாக நினைப்பது. டேங்கின் மூடியில் உள்ள கனெக்டரும், மூடிக்கு உள்ளே பம்ப் வரை போகும் ஒரு சாண் ஒயரும் பழையபடியே இருக்கும். கூடுதல் கரண்ட் ஓடிய கனெக்டரைக் கழற்றினால் கதை தெரியும். ஒரு முனையைச் சுற்றி மட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருக்கும், பித்தளை முனை மினுமினுப்பிழந்து கறுத்திருக்கும், பிடி தளர்ந்திருக்கும். முழு நீளத்துக்கும் தடித்த ஒயர் போட்டுவிட்டு அந்த ஒரு முனையில் அரை வோல்ட்டை விட்டுக்கொண்டிருந்தால் செலவு வீண்.

இரண்டாவது, அதிகமாகக் கொடுப்பதாலும் டியூனிங் கெடும். இதே டிஎஸ்எம் கார்களில் 255 லிட்டர் பம்பையும் புதிய ஒயரையும் சேர்த்துப் போட்டபோது, ஐடிலில் திரும்பு பாதையும் ரெகுலேட்டரும் உபரியை வெளியேற்ற முடியாமல் திணறின. அழுத்தம் நிர்ணயித்ததைத் தாண்டி ஏற, ஐடிலிலும் மெதுவான ஓட்டத்திலும் கலவை ரிச் (பெட்ரோல் மிகுந்தது) ஆனது. இன்னும் பெரிய ரெகுலேட்டர் போட்டால்தான் சரியானது. ஒயரிங் ‘மேம்பட்டதால்’ மேப் மாறிப்போனதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பம்புக்கு எப்போதும் முழு வோல்ட்டேஜ் கொடுப்பது தீங்கில்லாத காரியம் என்ற நம்பிக்கையை இது உடைத்தது.

பாதுகாப்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். பழைய எல்-ஜெட்ரானிக்கில் காற்று அளவியின் மடலுக்குள்ளேயே பம்பின் தொடர்பு இருந்தது. என்ஜின் காற்று இழுக்காவிட்டால் பம்ப் நின்றுவிடும். ஃபோர்டு பல ஆண்டுகள் மோதல் அதிர்வில் திறந்துகொள்ளும் இனர்ஷியா சுவிட்சை வைத்தது. மாற்று ஒயரிங்கை அவசரமாகச் செய்பவர்கள் ரிலேயை நேரே சாவியோடு இணைத்து, இந்தக் காவலைத் தாண்டிவிடுகிறார்கள். விபத்தில் குழாய் அறுந்து, சாவி ‘ஆன்’ நிலையில் இருந்தால் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இல்லாத தடித்த ஒயர் காரின் பாடியில் உரசினால் தீ. டியூனிங் லாபம் எவ்வளவு இருந்தாலும் இதை ஏற்க முடியாது.

வேண்டுமென்று குறைத்த வோல்ட்

தொழிற்சாலை ஒயரிங்கைச் சிக்கனத்தின் அடையாளமாகவே பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய கார்கள் சில உண்டு. டொயோட்டாவின் 1993 தலைமுறை சுப்ரா டர்போவில் பம்புக்கென்றே தனி ஈசியூ (மின்னணுக் கட்டுப்பாட்டு அலகு). சுமை குறைவாக இருக்கும்போது ஒன்பது வோல்ட் அளவில் ஓட்டும், சுமை ஏறினால் முழு வோல்ட்டேஜ் தரும். சுபாரு டர்போ மாடல்கள் சிலவற்றில் பம்ப் கட்டுப்பாடு மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு, முழுமை என்று மூன்று படிகளில் மாறும். நிசானின் சில டர்போ கார்களில் இந்த விளையாட்டு எர்த் பக்கத்தில் நடக்கிறது. எர்த் ‘சரியில்லை’ என்று எண்ணி அதை நேரே பாடிக்கு இணைத்தால் கட்டுப்பாடே அறுந்துபோகும்.

காரணங்கள் எளியவை. பம்ப் சுற்றித் திருப்பி அனுப்பும் பெட்ரோல் ஒவ்வொரு சுற்றிலும் என்ஜின் அறையின் சூட்டை டேங்குக்குக் கொண்டுவரும். சூடான பெட்ரோல் ஆவியாகும், பம்புக்குள் குமிழிகள் உருவாகும். சத்தம், பிரஷ் தேய்மானம், ஆவி உமிழ்வு விதிகள் எல்லாமே குறைந்த வேகத்தைக் கேட்கின்றன. எனவே ஐடிலில் பம்பில் ஒன்பது வோல்ட்டைப் பார்த்துவிட்டு ஒயர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது அந்தக் கார்களில் தவறான நோயறிதல்.

இந்த நிலைப்பாட்டின் எல்லை வேறு இடத்தில். கட்டுப்பாட்டு அலகு தன்னுடைய பழைய பம்பின் கரண்டுக்கு வடிவமைக்கப்பட்டது. இருமடங்கு இழுக்கும் பம்பை அதன் வழியே ஓட்டினால் அலகே சூடேறி வோல்ட்டைத் தின்னும். சுப்ராவில் அந்த ஈசியூவைச் சுற்றி முழு வோல்ட் தரும் மாற்றம் பரவலானதற்கு இதுதான் நியாயமான காரணம். இருபத்து நான்கு மணி நேரமும் முழு வோல்ட் என்பது நியாயமான காரணமாகத் தெரியவில்லை.

எர்த் என்ற ஒரே சொல், இரண்டு கேள்விகள்

எர்த் பற்றிய விவாதம் குழம்புவது இரண்டு வேறு விஷயங்கள் ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டதால்.

முதலாவது, பம்பின் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் பாதை. பம்புக்கு அருகிலேயே பாடியில் எர்த் கொடுப்பதா, பேட்டரி வரை தனி ஒயர் இழுப்பதா என்பது பழைய சண்டை. எஃகின் மின்தடை தாமிரத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதைக் காட்டித் தனி ஒயர் கேட்பவர்கள், பாடியின் குறுக்குவெட்டு எந்த ஒயரையும்விடப் பன்மடங்கு பெரிது என்பதை விட்டுவிடுகிறார்கள். பாடி நல்ல கடத்திதான். கோளாறு வருவது சேருமிடத்தில், அதாவது போல்ட்டுக்கு அடியில் உள்ள பெயின்ட், துரு, தளர்ந்த வளையம், பேட்டரியிலிருந்து பாடிக்கும் பாடியிலிருந்து என்ஜினுக்கும் போகும் பட்டைகளில். பம்பின் எர்த் போல்ட்டைப் பளபளவென்று சுரண்டிவிட்டு, முன்னால் களிம்பு பிடித்த பேட்டரி பட்டையை விட்டுவிட்டால் பலன் பாதிதான்.

இதைக் கண்டுபிடிக்க ஓம் மீட்டர் உதவாது. இருபது இழைகளில் இரண்டு மட்டும் மிஞ்சிய ஒயரும் மீட்டரின் சிறு கரண்டுக்கு ஏறத்தாழ பூஜ்ஜியம் என்றே காட்டும். பம்ப் ஓடும்போது மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் சிவப்பு முனையைப் பம்பின் எர்த் பின்னிலும் வைக்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 0.4 காட்டினால், மீட்டரின் சிவப்பு முனையை ஒவ்வொரு இணைப்பாகப் பேட்டரியை நோக்கி நகர்த்திக்கொண்டே வர, எண் எந்த இடத்தில் சட்டென்று விழுகிறதோ அங்கேதான் கோளாறு. பிளஸ் பக்கத்துக்கும் இதே முறைதான். இதை ஐடிலில் செய்தால் போதாது, அழுத்தமும் கரண்டும் உச்சத்தில் இருக்கும்போது எடுத்த எண்தான் டியூனிங்குக்கு உதவும்.

இரண்டாவது கேள்வி பம்பையே தொடாதது. ஈசியூவும் சென்சார்களும் பூஜ்ஜியம் என்று எதைக் கொள்கின்றன? 2001-இல் புரூஸ் பௌலிங்கும் அல் கிரிப்போவும் வெளியிட்ட மெகாஸ்குவர்ட் போன்ற தனி ஈசியூக்களின் ஒயரிங் வழிகாட்டிகள், ஈசியூவின் எர்த்தை என்ஜின் பிளாக்கில் ஒரே இடத்தில் இணைக்கவும், சென்சார் எர்த்தை ஈசியூவுக்கே திருப்பவும் வற்புறுத்துவது இதனால்தான். பம்ப், ஃபேன் போன்ற பெரிய கரண்ட் போகும் பாதையைச் சென்சாரும் பகிர்ந்துகொண்டால், அந்தப் பாதையில் விழும் வோல்ட் சென்சாரின் அளவீட்டில் சேர்ந்துகொள்ளும். வைட்பேண்ட் ஆக்ஸிஜன் மீட்டர் ஒன்று 0 முதல் 5 வோல்ட்டுக்குள் ஏறத்தாழ 15 அலகு விகிதத்தை அடக்குகிறது என்று வைப்போம். எர்த்தில் 0.1 வோல்ட் நகர்ந்தால் பதிவில் 0.3 அலகு பொய். 11.5 என்று லாக்கில் படிக்கும் டியூனர் உண்மையில் 11.8-இலோ 11.2-இலோ ஓட்டிக்கொண்டிருப்பார். பெட்ரோல் சரியாகவே இருந்தும் மேப் தவறாக எழுதப்படும்.

2000-களின் தொடக்கத்தில் ஜப்பானியக் கார் உலகில் பிரபலமான வண்ண எர்த் ஒயர் தொகுப்புகள் குதிரைத்திறன் கூடும் என்று வாக்களித்தவை. பழைய காரில் அவை பலன் தந்திருக்கலாம், ஏனெனில் துருவேறிய இணைப்புக்கு மாற்றுப் பாதை கிடைத்தது. எர்த் நன்றாக இருக்கும் புதிய காரில் அதே பலனை எதிர்பார்க்க இயற்பியல் காரணம் எதுவும் காணோம்.

மேப்புக்குள் ஒளியும் கோளாறு

இந்த விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் எல்லாவற்றிலும் முக்கியமானதும் இதுவே. மேல் சுழற்சியில் லீன் என்று கண்டால், டியூனர் அந்தக் கட்டங்களில் இன்ஜெக்டர் நேரத்தைக் கூட்டுவார். பெட்ரோல் சரியாகும், வேலை முடியும். ஆனால் கூட்டியது ஒயரில் தொலைந்த வோல்ட்டுக்கான ஈடு. துருப்பிடித்த போல்ட் ஒன்று இப்போது மேப்பின் எண்ணாகிவிட்டது. பின்னர் யாரோ ஒயரைச் சரிசெய்தால் கார் ரிச் ஆகும். துரு இன்னும் வளர்ந்தால் மீண்டும் லீன்.

என்ஜின் திறனை அளக்கும் டைனோவில் இது இன்னும் எளிதாக நடக்கும். பல இடங்களில் ஓட்டத்தின்போது பேட்டரியில் சார்ஜர் மாட்டியிருப்பார்கள், விளக்குகள் அணைந்திருக்கும், பானெட் திறந்திருக்கும். வீட்டுக்குப் போகும் இரவில் ஹெட்லைட், ஏசி, ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் ஓடும், சூடேறிய ஆல்டர்நேட்டர் தரும் வோல்ட்டும் இறங்கியிருக்கும். டைனோ எண் அந்த நாளின் மின்சாரத்துக்கு மட்டுமே பொருந்தும்.

வோல்ட்டேஜ் குறைவு இரண்டு எதிர்முனைகளில் இரண்டு வழியாகத் தாக்குவதும் குழப்பம் தருகிறது. இன்ஜெக்டருக்குக் கட்டளை கிடைத்து அது உண்மையில் திறக்க எடுக்கும் நேரம், வோல்ட் குறைந்தால் நீளும். 14 வோல்ட்டில் சுமார் 1 மில்லிசெகண்டாக இருப்பது 12-இல் 0.2 கூடலாம். ஐடிலில் மொத்தத் துடிப்பே 2 மில்லிசெகண்டு அளவில் இருப்பதால் அது பெரிய பிழை, முழுச் சுமையில் புறக்கணிக்கத்தக்கது. பம்பின் பற்றாக்குறையோ முழுச் சுமையில் மட்டும் தெரியும். ஈசியூ தன் பின்னில் அளந்த வோல்ட்டை வைத்து இன்ஜெக்டருக்கு ஈடு செய்கிறது. பம்பின் முனையில் எவ்வளவு என்று பல ஈசியூக்களுக்குத் தெரியவே தெரியாது.

ஏற்றி அனுப்புவோரும் அளந்து சரிசெய்வோரும்

ஒயரைத் தொடாமல் வோல்ட்டை ஏற்றி அனுப்புவது ஒரு வழி. கென் பெல் நிறுவனத்தின் பூஸ்ட்-அ-பம்ப் போன்ற கருவிகள் பூஸ்ட் வந்ததும் பம்புக்கு 14-க்கு மேல் தருகின்றன. பம்ப் வேகமாகச் சுற்றும். ஆனால் கூடுதல் கரண்ட் அதே பழைய கனெக்டர் வழியாகத்தான் போகும். ஒயரிங் ஆரோக்கியமாக இருக்கும் காரில் இது பயனுள்ள கருவி, நோயுற்ற ஒயரிங்கில் நோயைக் கூட்டும்.

திரும்பு குழாய் இல்லாத நவீன அமைப்புகள் வேறு வழி எடுத்தன. எரிபொருள் குழாயில் அழுத்த சென்சார் வைத்து, பம்பின் டியூட்டியை (மின்சாரம் கொடுக்கும் நேரத்தின் சதவீதத்தை) ஈசியூ நொடிக்குப் பலமுறை திருத்துகிறது. பல தனி ஈசியூக்கள் அளந்த அழுத்தத்தை வைத்து இன்ஜெக்டர் நேரத்தையும் மாற்றும். ஒயரின் இழப்பு மேப்பைத் தொடாமல் தடுக்கும் சிறந்த அரண் இதுதான் என்று தோன்றுகிறது. ஒரு பக்க விளைவும் உண்டு. பெரிய கரண்டை வேகமாக வெட்டி ஓட்டுவது மின் இரைச்சலை உண்டாக்கும். எர்த் பகிரப்பட்டால் கிராங்க் சென்சார் சிக்னலில் அது எட்டிப் பார்க்கும்.

இந்தியாவில் இந்தப் பேச்சு இனி டர்போ கார்களோடு நிற்காது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதிகள் வந்தபின் இருசக்கர வாகனங்களில் பெரும்பாலானவை இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. சாவி போட்டதும் டேங்குக்குள் கேட்கும் அந்த இரண்டு நொடி ரீங்காரம் இப்போது எல்லோருக்கும் பழக்கம். 2023-இல் விற்பனைக்கு வந்த 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் அதே ஆற்றலுக்கு ஏறத்தாழ 6 முதல் 7 சதவீதம் கூடுதல் கன அளவு வேண்டும். பம்பின் உபரி அந்த அளவுக்குச் சுருங்குகிறது.

இன்னும் தீராதவை

இதுவரையிலான பதில்களை எடைபோட்டால், உபரி இருக்கும்வரை ரெகுலேட்டர் தரப்பும், உபரி தீர்ந்தபின் ஒயர் தரப்பும் சரி என்று சொல்லலாம். ஒரு குறிப்பிட்ட காரில் அந்த எல்லை எங்கே என்பதைப் பம்பின் முனையில், முழுச் சுமையில், வோல்ட்டையும் அழுத்தத்தையும் ஒன்றாகப் பதிவு செய்யாமல் யாரும் சொல்ல முடியாது. இருந்தும் மாற்று ஒயரிங்கின் பலனைச் சொல்லும் கூற்றுகளில் பெரும்பாலானவை மாற்றத்துக்கு முந்தைய எண்ணைத் தருவதில்லை. பழைய இணைப்பைச் சுத்தம் செய்ததால் வந்த பலன் எவ்வளவு, தடித்த ஒயரால் வந்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டுபவை அதைவிடக் குறைவு. ஆல்டர்நேட்டரிலிருந்து எடுப்பதா, இரைச்சலை வடிகட்டும் பேட்டரியிலிருந்து எடுப்பதா என்ற வாதமும், ஆல்டர்நேட்டர் தன் வோல்ட்டை எந்த இடத்தில் உணர்கிறது என்பதைக் காருக்குக் கார் பார்க்காமல் தீராது.

அழுத்த சென்சார் அமைப்புகள் புதிய கேள்வி ஒன்றையும் கொண்டுவந்துள்ளன. அங்கே கனெக்டர் கருகத் தொடங்கினாலும் அழுத்தம் மாறாது, கலவை மாறாது, லாக்கில் லீன் தெரியாது. அதே சுமைக்கு பம்பின் டியூட்டி மட்டும் 70-லிருந்து 75-க்கும், பிறகு 85-க்கும் மெல்ல ஏறும். 100-ஐத் தொடும் நாள்வரை என்ஜின் எதுவும் சொல்லாது. டியூட்டி எந்த வேகத்தில் ஏறினால் எச்சரிக்க வேண்டும், பெட்ரோலின் சூடும் எத்தனாலின் அளவும் உண்டாக்கும் ஏற்ற இறக்கத்திலிருந்து கெட்டுப்போகும் ஒயரின் ஏற்றத்தை எப்படிப் பிரித்தறிவது என்பதற்கு எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் பதில் இன்னும் உருவாகவில்லை.